பிரவுன் ஷீட் போட்ட ஃபைல்

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் படிக்கப் போகிறேன் என்றதும், படிப்பில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று அம்மா கேட்டார். எனக்கு முப்பத்தாறு வயது. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் நிரம்பிய கட்டடத்தில் ஓர் அறை எடுத்திருந்தேன். கீழே பரோட்டாக் கடையில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான். நான் மட்டும் ஆன்ட்டி. புற்றுநோயாளிகளுக்கு மனத்துணையாக நிற்கும் உளவியலாளர்களுக்கான இரண்டு வருட மேற்பயிற்சி இது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல இரண்டு வருடமா என்றார். கோபம் வந்தது. நியாயமான கேள்வி என்பதால்தான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பயிற்சி மருத்துவமனை செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. அங்கே யாரும் உத்தரவு போடாமலே நடந்துவந்த ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் ஃபைல் அட்டையில் 'புற்றுநோய்த் துறை' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். சேர்த்த அன்றைக்கே குடும்பத்தார் நர்ஸிடம் வந்து ஒரு பிரவுன் ஷீட் கிடைக்குமா என்று கேட்பார்கள். பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவது போல அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'வயிறு' என்றோ 'தொண்டை' என்றோ எழுதிவிடுவார்கள். நர்ஸ் மேஜை இழுப்பறையில் ஷீட்டுகள் எப்போதும் தயாராக இருக்கும். நானும் எத்தனையோ ஃபைல்களுக்கு மடித்து டேப் ஒட்டியிருக்கிறேன். என் மடிப்பு நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் பாராட்டியதில் எனக்குச் சின்னப் பெருமைகூட உண்டு.

அப்படி நான் அட்டை போட்ட ஃபைல்களில் ஒன்று புதுப்பட்டினம் மார்க்கெட்டில் முப்பது வருடமாக மீன் விற்ற ஓர் அம்மாவுடையது. சினைப்பையில் தொடங்கிய புற்று வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அவருடைய மகன் ஐடி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறவர். முதல் நாளே என்னை அறை வாசலில் நிறுத்திக் கையைக் கூப்பினார். வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம், உண்மை தெரிந்தால் அன்றைக்கே உயிரை விட்டுவிடுவார் என்றார். எங்கள் பயிற்சித் தலைவி வெளிநாட்டில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். அவரிடம் கேட்டேன். நம் ஊரில் நோயாளி என்றால் ஒரு ஆள் இல்லை, முழுக் குடும்பம் என்றார். நானும் தலையாட்டினேன்.

ஒவ்வொரு வாரமும் நோயாளியின் மனக்கஷ்டத்தை அளக்க வேண்டும். அதற்கு ஒரு தாள் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் படம் போட்டு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் எழுதியிருக்கும். இந்த வாரம் உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுத் தாளை நீட்டுவேன். அந்த அம்மா நான்கு வாரமும் பூஜ்யத்தில் விரல் வைத்தார். நானும் மனக்கஷ்டம் இல்லை, நோயை ஏற்றுக்கொண்ட நிலை என்று எழுதினேன். என் அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

ஐந்தாவது வாரம் மகன் மருந்து வாங்கப் போயிருந்தார். வழக்கம் போலத் தாளை நீட்டினேன். அந்த அம்மா அதை என் பக்கமே தள்ளினார்.

"வாராவாரம் வந்து ஜொரம் கீதா ஜொரம் கீதான்னு கேட்டுகினு கீற. எனக்கு இன்னா ஜொரமா? புத்து நோவு."

என் முகம் எப்படிப் போயிற்றோ, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டுப்போன மீன் மேல் ஐஸைக் கொட்டி விற்றால் தனக்குத் தெரியாதா என்றார். அட்டை போட்ட அன்றைக்கே தெரியுமாம். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் மகன் அழுவான், அவன் அழுதால் தன்னால் தாங்க முடியாது என்றார். மகன் அம்மாவைக் காப்பாற்றுகிறார், அம்மா மகனைக் காப்பாற்றுகிறார், நடுவில் நான் ஒரு முனைவர், ஜுரம் இல்லாத பூஜ்யத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். இதற்கா இத்தனை வருடம் படித்தோம் என்று ஆத்திரமாக வந்தது.

அவர் மனதில் இருந்தது வேறு. திங்கட்கிழமை புது மருந்து ஏற்றப் போவதாகப் பேச்சு. மகன் கையெழுத்தும் போட்டாயிற்று. "வூட்ல அல்லாரையும் கேட்டாங்க. ஒடம்பு என்து. என்னிய யாரும் கேக்கல. ஊசிக்கு நான் வர மாட்டேன்" என்றார். சொன்னது சொன்னதுதான். அன்று மாலையே வார்டு முழுக்கச் செய்தி பரவியது.

மறுநாள் தலைவி என்னைக் கூப்பிட்டார். நோயாளி தன் நோயையே ஏற்காத மறுப்பு நிலையில் இருக்கிறார் என்று எழுதி, அந்த ஒரு வார்த்தையை உச்சரிக்காமல் பேசி அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இந்த மாத மதிப்பீடே அதுதான் என்றார். அந்த அம்மா நோயை மறுக்கவில்லை, மறுப்பதெல்லாம் நாம்தான் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. குடும்பத்தின் விருப்பத்தை மீறினால் பயிற்சிக்காலம் நீளும் என்று அவர் அமைதியாகச் சொன்னார். நீளட்டும் என்று எழுந்து வந்தேன்.

அந்த அம்மாவிடம் போய், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன். எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை? யார் சொல்ல வேண்டும்? மகன் கூட இருக்கலாமா? எல்லாம் தெரிய வேண்டும், டாக்டர்தான் சொல்ல வேண்டும், மகனும் இருக்கட்டும் என்றார். அழுவாரே என்றேன். இனிமேல் அழட்டும் என்றார்.

வியாழக்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். டாக்டர், தலைவி, நர்ஸ், குடும்பத்தில் ஒருவர், நான். நோயாளியை மட்டும் அழைப்பதில்லை. அன்று நான் கூடுதலாக ஒரு நாற்காலி தூக்கி வந்து போட்டு, அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தேன். தலைவி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். மகன் சட்டென்று எழுந்து நின்றார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். ஃபைலை இழுத்து மடியில் வைத்து, நகத்தால் டேப்பைக் கிளப்பி, நான் மடித்த பிரவுன் ஷீட்டைக் கழற்றினார். எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றாக, சத்தமாக, அட்டையில் இருந்ததைப் படித்தார். படித்து முடித்து நிமிர்ந்தார். மருந்து போட்டால் எவ்வளவு நாள், போடாவிட்டால் எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் மகனைப் பார்த்தார்.

"அவன இன்னாத்துக்குப் பாக்கற? நோவு எனக்குக் கீது."

டாக்டர் சொன்னார். போட்டால் சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம், குணமாகாது. மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். "அழாத நைனா" என்று ஒரே ஒரு முறை சொன்னார் அம்மா. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"போடு. மூணு ஊசி போட்டுக்கறேன். நாலாவது வேணுமான்னு என்னியக் கேளு. அவனக் கேக்காத."

வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நானும் நினைத்திருந்தேன். அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டே, அவருடைய முடிவை நானும் எனக்குள் எடுத்து வைத்திருந்திருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மகன் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. தலைவி என் மதிப்பீட்டில் 'எல்லை மீறினார்' என்று எழுதி, பயிற்சியை ஆறு மாதம் நீட்டித்தார். அதன் கீழே பயிற்சி பெறுபவரின் கருத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. 'ஆம். மறுபடியும் மீறுவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வருத்தம் தெரிவிப்பதாக மாற்றி எழுதச் சொல்லி இரண்டு முறை தாள் திரும்பி வந்தது. இரண்டு முறையும் அப்படியே திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவது ஊசி நாளில் அந்த அம்மாவும் மகனும் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் ஓர் இளம்பெண் தன் தாயிடம், இது வெறும் கேஸ் டிரபுள்தான், இரண்டு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மீன்கார அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மார்க்கெட்டில் கூவிய அதே குரலில் ஆரம்பித்தார்.

"கேன்சருன்னு சொல்லேன் கண்ணு. நெருப்புன்னா வாயி வெந்துடுமா?"

எந்தப் பயிற்சிக் கையேடும் இதை ஒப்புக்கொள்ளாது. நான் பதறி ஓடினேன். அதற்குள் அந்தப் பெண்ணின் தாய் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்து, இப்படி வந்து உட்காருங்கள் என்று மீன்கார அம்மாவைக் கூப்பிட்டார்.

"எனக்கும் அதான்" என்றார்.