அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள்

பதினேழாம் எண் பேருந்தின் நடத்துநர் அவள். பத்தாம் வகுப்பு மொழித்தாளில் இரண்டு முறை கோட்டை விட்டவள். மூன்றாம் முறை தேறினால் மேற்பார்வையாளர் நாற்காலி; இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடிதம், கட்டுரை எல்லாம் எழுதிவிடுவாள். கவிதைக் கேள்வி வந்தால் தாளை வெள்ளையாக விட்டுவிட்டு வருவாள்.

தேர்வுக்காக அவள் போய்வந்த ஞாயிறு வகுப்பில் அன்று இனப் பாகுபாடு பற்றிய கவிதை. கருப்பினத் தொழிலாளி ஒருவன் பேருந்தில் போகிறான். அவ்வளவுதான் கதை.

'அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்'
என்றார்கள் ஒவ்வொருவரும், புன்னகையோடு.
என் பக்கத்து இருக்கை
ஊரெல்லாம் சுற்றிப்பார்த்தது.

"இதுல பாகுபாட்டைக் காட்டுற சொல் எது?" என்றார் வாத்தியார்.

கூடப் படிக்கும் நாத்தனார் எழுந்தாள். "யாரும் திட்டவே இல்லையே சார். மரியாதையாத்தான் பேசுறாங்க. சிரிக்க வேற செய்றாங்க."

"அது பொய் சார்." சொன்ன பிறகுதான், பேசியது தான் என்று நடத்துநருக்குத் தெரிந்தது.

"எதும்மா பொய்?"

"அடுத்த ஸ்டாப்புங்கிறது. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கிட்டு, 'இதோ எறங்கப்போறேன்'னு நிப்பாங்க. சீட்டு காலியா கெடக்கும். ஆளைப் பாத்துத்தான் அந்தப் பேச்சே வரும். ஒருத்தர் சொன்னா நம்பலாம். 'ஒவ்வொருவரும்'னு போட்டிருக்காரே! அத்தனை பேரும் எறங்கிட்டா பஸ்ஸுல யாரு சார் இருக்கிறது?"

வகுப்பு சிரித்தது. வாத்தியார் 'ஒவ்வொருவரும்' என்று பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

"அண்ணி, இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"பைக்குள்ளதான்டி. டிக்கெட்டுக்கு அடியில."

தேர்வில் வேறு கவிதை வந்தது. அவள் முதலில் அதில் இருந்த மரியாதையான சொற்களைத் தேடினாள். இரண்டரைப் பக்கம் எழுதினாள். அறுபத்தொரு மதிப்பெண்.

விசிலை ஒப்படைக்கும் நாளில், ஜன்னலோரத்தில் வெளிநாட்டு இளைஞன் ஒருவன், நல்ல கருப்பு. பக்கத்து இருக்கை காலி. கம்பியில் தொங்கியவரிடம், "உக்காருங்க சார்," என்றாள்.

"பரவாயில்லம்மா, அடுத்த ஸ்டாப்தான்."

"டிக்கெட் குடுத்ததே நான்தான் சார். இன்னும் பதினோரு ஸ்டாப் இருக்கு. கால் என்னத்துக்கு ஆகும்?"

பின் இருக்கைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனிதர் உட்கார்ந்தார். இளைஞன் காலடியில் இருந்த தன் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டான். அவள் விசில் ஊதினாள்.