அவர் எழுதிய வரிக்கு எதிரே

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டுச் சுமக்க வந்தேன். பிறகு அந்த அச்சகத்தையே விலைக்கு வாங்கினேன். இன்றைக்கும் நெல்லித்தோப்பில் பத்திரிகையோ புத்தகமோ அடிக்க வேண்டுமென்றால் முதலில் என் கடையைத்தான் காட்டுவார்கள். பெருமையடிக்கிறேன் என்பீர்கள். ஆமாம், அடிக்கிறேன். உழைத்து மேலே வந்தவன் நான். என் கதையை நான் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்வார்கள்?

போன வருஷம் ஒரு அம்மா மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நொத்தேர் ஆபீசில், அதாவது பிரெஞ்சுக் காலத்து முறையில் பத்திரம் எழுதித் தருகிற இடத்தில், தட்டச்சராக இருந்தவர் அந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு தன் வாழ்க்கைக் கதையைக் கணினியில் அடித்து வைத்திருக்கிறார். அலங்காரம் ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்து. ஒரு வாக்கியம் முடிந்தால் அடுத்த வரி. தலைத்திவசத்துக்குள் அதைப் புத்தகமாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார் அந்த அம்மா.

"அதுக்கென்னம்மா, அடிச்சுடலாம். பிழை ஏதாச்சும் திருத்தணுமா?"

"பிழையா? பாதிக்குப் பாதி பொய்யிண்ணே. இஷ்டத்துக்கு அளந்து வுட்டிருக்காரு."

"அப்ப சரி பண்ணிடுவோம்."

"ஐயையோ, தொடக்கூடாது! ஒரு எழுத்தக்கூட."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கணினியைத் திறந்து, கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த தேதியையும் நேரத்தையும் விரல் வைத்துக் காட்டினார். கடைசியாகச் சேமித்த நேரம் அது. அன்று சாயங்காலம் கணவர் அடித்து முடித்து, சேமித்துவிட்டு, காபி கேட்டாராம். கலந்துகொண்டு வருவதற்குள் போய்விட்டார். தினமும் காலையில் அந்த அம்மா கணினியைத் திறந்து அந்தத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பாராம். உள்ளே எதையாவது மாற்றிச் சேமித்தால் தேதியும் மாறிவிடும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

"அவரு கை கடைசியா பட்டது இதுலதாண்ணே. ஆனா பொய்ய அப்படியே வுட்டா பேரப்புள்ளைங்க நம்பிடுமே!"

நகல் எடுத்து அதில் திருத்தலாம் என்றேன். அதுவும் ஆகாது என்றார். கணவர் எழுதியது எழுதியபடியேதான் அச்சாக வேண்டுமாம். "அவரு ஆபீசு பத்திரத்துலயே அடிச்சுத் திருத்த மாட்டாங்கண்ணே. ஓரத்துல எழுதி கையெழுத்து வெப்பாங்க."

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மூளை நமக்கு அப்படி. அவர் கோப்பை நகலெடுத்து எங்கள் கணினியில் வைத்தோம், அதையும் தொடுவதில்லை. குறிப்புகளுக்குத் தனியாக வேறொரு கோப்பு. அதில் இத்தனையாவது வரிக்கு இந்தக் குறிப்பு என்று எண் போட்டு எழுதுவது. அச்சுக்கு எடுக்கும்போது இடது பக்கத்தில் அவர் வரி, வலது பக்கத்தில் நேர் எதிரே அந்த அம்மாவின் பதில். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து என்னோடு இருக்கும் ஆபரேட்டர் அதற்கு வழி செய்தார். அந்த அம்மா வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவரே அடித்தார். சிரித்துச் சிரித்துச் சொன்னார் அந்த அம்மா. இறந்தவரோடு சண்டை போட ஓர் இடம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

சரிபார்க்க முதல் புரூப் எடுத்துக் கொடுத்தோம். இரண்டாம் பக்கத்திலேயே அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"என்னாண்ணே இது? 'நெல்லித்தோப்பில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது'ன்னு அவரு எழுதியிருக்காரு. எதிர்ல, 'பொய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை'ன்னு இருக்கு! கல்யாணமே நடக்கலன்னா அப்ப நாலு புள்ளைங்க?"

வாங்கிப் பார்த்தேன். அது கல்யாணத்தன்று கொட்டோ கொட்டென்று மழை பெய்தது என்ற அடுத்த வரிக்கான குறிப்பு. எல்லாக் குறிப்பும் ஒரு வரி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டினேன். உச்சியில் தனி வரியில் ஒரு 'உ', அவர் வரிகளையெல்லாம் ஒன்று கீழே தள்ளிவிட்டு.

"யோவ், பிள்ளையார் சுழி போட்டியா?"

"போடாம எப்பிடி மொதலாளி அச்சு வேலய ஆரம்பிக்கிறது? இந்தக் கையி பழகிப்போச்சு."

"அது அவரு கோப்புய்யா!"

அந்த அம்மா எழுந்துவிட்டார். துணிப்பையை இழுத்துப் பிரித்துக் கணினியை என் முன்னால் வைத்தார். திறக்க அவருக்குக் கை வரவில்லை. நான்தான் திறந்தேன். எத்தனையோ பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவன் நான். அன்றைக்குக் குனிந்துதான் அந்தத் தேதியைத் தேடினேன்.

அதே தேதி. அதே நேரம்.

"பாரும்மா. சுழி எங்க நகல்லதான் வுழுந்திருக்கு. உங்களுது அப்படியே இருக்கு."

அந்த அம்மாவும் குனிந்து பார்த்தார். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்தார். ஆபரேட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நகலைப் புதிதாக எடுத்தோம். வெறும் வரி எண்ணை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று, ஒவ்வொரு குறிப்போடும் அது சேர வேண்டிய வரியின் முதல் இரண்டு மூன்று சொற்களையும் எழுதச் சொன்னேன். சொல் பொருந்தாவிட்டால் குறிப்பு உட்காரக் கூடாது. இந்த யோசனையும் என்னுடையதுதான். ஆபரேட்டர் தன் சுழியைக் குறிப்புக் கோப்பின் தலையில் போட்டுக்கொண்டார். அங்கே யாருக்கும் தொல்லையில்லை.

இரண்டாம் புரூப்பை அந்த அம்மா கடையிலேயே உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'மூத்தவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலை விட்டு நான் நகரவில்லை' என்று கணவர் எழுதியிருந்தார். எதிரே, 'அவர் அங்கே இல்லை. வேலையாகக் காரைக்கால் போயிருந்தார்.'

"மூத்தவ இதப் படிப்பாளேண்ணே."

"வேணாம்னா எடுத்துடலாம்மா. அவரு எழுதுனதுக்கு ஒண்ணும் ஆவாது."

அந்த வரியை இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தார்.

"எடுக்காதண்ணே. அதுக்குக் கீழ இன்னொண்ணு சேத்துக்க."

அந்த அம்மா சொல்ல, ஆபரேட்டர் அடித்தார். 'மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தார். சாத்துக்குடிப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.'