எதிரணிப் பக்கம் உட்காருகிறவள்

சனிக்கிழமை காலை. ஒரு கையில் காப்பிக் கோப்பை, இன்னொரு கையால் வாசல் புல்வெளியில் நட்டிருக்கும் 'வீடு விற்பனைக்கு' பலகையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள் ட்வைலா ஹல்சி. நேராக இழுத்தால் வராது. இடமும் வலமுமாக ஆட்டி, மண் இளகியதும் சுண்டி எடுக்க வேண்டும். காப்பி ஒரு சொட்டுக்கூடத் தளும்பாமல் அதைச் செய்வாள். பள்ளிக்கூடத்து அமெரிக்கக் கால்பந்து அணி வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால், யாரோ ஒரு புண்ணியவான் வந்து கோச் வீட்டு வாசலில் இப்படிப் பலகை நட்டுவிட்டுப் போவது எங்கள் பிட்டர்வெல்லில் வழக்கம். வீட்டை விற்றுவிட்டு ஊரைக் காலி பண்ணு என்று அர்த்தம். கோச் என்பது ட்வைலாவின் கணவர் கர்ட்.

பிடுங்கியதை அவள் எறிய மாட்டாள். தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுப்பாள், கோழிக்கூண்டுக்குத் தடுப்பு வைப்பாள். பலகைகள் எல்லாம் வீட்டுத் தரகு செய்யும் கெய்ல் அம்மாளுக்குச் சொந்தம். யாரோ எடுத்து நடுகிறார்கள், அந்த அம்மாள் ட்வைலாவுக்குப் போன் போடுவார்.

"ட்வைலா, என் போர்டு ஏதாச்சும் உங்க வீட்டுப் பக்கம் வந்துச்சா?"

"வந்துச்சு கெய்ல். அது மேல கோழி அடைகாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எந்திரிச்சதும் தர்றேன்."

நான் இந்த ஊரின் பல் மருத்துவர். மேற்கு டெக்சாஸின் இந்தப் பொட்டல் காட்டில் நான் கிளினிக் போட்ட நாளிலிருந்து வரவேற்பு மேசை ட்வைலாவுடையது. மேசை என்று சொன்னேனே தவிர, கிளினிக்கே அவளுடையதுதான், பல் பிடுங்குவது மட்டும் நான். யாருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும், யார் இனிப்புத் தேநீரை விட்டுவிட்டதாகப் பொய் சொல்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் ஒரே மாதிரி 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். என்னை மட்டும் 'டாக்டர்'. கோபம் வந்தால் நானும் கண்ணு.

போன வருஷம் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. கணவர் கோச், அணியின் க்வார்ட்டர்பேக்காக மகன் டாசன் வந்து சேர்ந்தான். க்வார்ட்டர்பேக் கையில்தான் பந்து முதலில் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று ஆட்டத்தை நடத்துகிறவன் அவன். கோச் மைதான ஓரத்தில் நின்று கையசைத்து உத்தரவு சொல்வார், பையன் அதை நடத்திக் காட்ட வேண்டும். எதிரில் நிற்பவர்களைப் பார்த்து உத்தரவு சரிப்படாது என்று பட்டால், தலைக்கவசத்தை ரெண்டு தட்டுத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமையைக் கர்ட் எல்லாப் பையன்களுக்கும் கொடுப்பதில்லை. டாசனுக்குக் கொடுத்திருந்தார்.

உடனே ஊர் இரண்டாகப் பிரிந்தது. பையனுக்குப் பந்தெறியும் கை வாய்த்திருக்கிறது, அப்பன்தான் அரதப் பழசான ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துக் கெடுக்கிறான் என்றது ஒரு கட்சி. கோச் தங்கம், சொந்தப் பிள்ளை என்று அந்தச் சோப்ளாங்கியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றது இன்னொரு கட்சி. தேவாலயத்தில், பெட்ரோல் போடும் இடத்தில், மளிகைக் கடை வரிசையில் என்று எங்கே போனாலும் ட்வைலாவிடம் இதே கேள்வி. அணி ஜெயிக்கிறது கோச்சாலயா, க்வார்ட்டர்பேக்காலயா? புருஷனையும் பிள்ளையையும் தராசில் வைத்து எது கனம் என்று ஒரு பெண்பிள்ளையிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் ஒருவருக்கும் கிடையாது.

கிளினிக்கில் கேட்பவர்களுக்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கேட்டதும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். நான் ஊசி போட்டு, வாய் மரத்து, உள்ளே பஞ்சையும் குழாயையும் திணித்தபிறகு மெல்ல வந்து நாற்காலி அருகில் நிற்பாள்.

"என்ன கேட்டே கண்ணு? கோச்சா, க்வார்ட்டர்பேக்கான்னுதானே? ரெண்டு பேரும் இல்லை. நடுவுல குனிஞ்சு நின்னு பந்தை எடுத்துப் பின்னால குடுக்கறானே, ஒரு தடியன், அவன்தான் எல்லாம். அவன் கை வழுக்கினா கோச்சும் பூஜ்யம், க்வார்ட்டர்பேக்கும் பூஜ்யம். நீ என்ன சொல்றே?"

நாற்காலியில் இருப்பவர் 'ஆ, ஆ' என்பார். "அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். இது எப்படியோ அந்தத் தடியனின் அம்மா காதுக்குப் போய், அந்தப் புண்ணியவதி அந்தப் பருவம் முழுக்க எங்கள் கிளினிக்குக்கு பீகன் கொட்டை போட்ட இனிப்பு அப்பம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் இவ்வளவு சர்க்கரை செலவானது அப்போதுதான்.

ஆட்டத்துக்குப் போனால் ட்வைலா நம் ஊர்ப் பக்கம் உட்கார மாட்டாள். நேராக எதிரணிக்காரர்கள் உட்காரும் படிக்கட்டுக்குப் போவாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. நம் பக்கம் உட்கார்ந்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது என்பாள். "இங்க பாருங்க டாக்டர், எவ்வளவு நிம்மதி. இவங்க அவங்க கோச்சைத்தான் திட்டுவாங்க. எங்க வீட்டுக்காரர் பேருகூட இவங்களுக்குத் தெரியாது." சோளச் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து, அதிலேயே காரக் கறிக்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டபடி அவர்களோடு அவர்களாக இருப்பாள்.

யாராவது, "எது உங்க பையன்?" என்று கேட்டால், அவர்கள் அணியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கும் எவனையாவது காட்டுவாள். ஒருமுறை பக்கத்திலிருந்த பெண், "அவன் என் பையனாச்சே!" என்றாள். ட்வைலா கொஞ்சமும் அசரவில்லை. "நல்லா வளர்த்திருக்கீங்க கண்ணு" என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். அன்றைக்கு நான் படிக்கட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

இப்படிச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தவள் அக்டோபரில் உடைந்தாள்.

கர்ட் வருஷக்கணக்காகக் காப்பாற்றி வந்த ஒரு நியதி உண்டு. ஜெயித்தால் பையன்கள் ஜெயித்தார்கள் என்பார், தோற்றால் பழி தன்னுடையது என்பார். எந்தப் பையன் என்ன சொதப்பினாலும் ஊருக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார். அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டம் முடியும் நேரத்தில் டாசன் கவசத்தைத் தட்டி உத்தரவை மாற்றினான். எறிந்த பந்து எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது, தோற்றோம். ஊர் வானொலிக்கு ஆட்டத்தை வர்ணிக்கும் வெர்ன், உடை மாற்றும் அறை வாசலில் வைத்துத்தான் எப்போதும் மைக்கை நீட்டுவார். உள்ளே இருக்கும் பையன்கள் எல்லோருக்கும் கேட்கும். கர்ட் அந்த மைக்கில் சொன்னார்: "நான் சொன்னது அது இல்லை. அதைப் பையன்கிட்டதான் கேக்கணும்."

அதற்கு முன்னும் அப்படிச் சொன்னதில்லை, வேறு எந்தப் பையனைப் பற்றியும் சொன்னதில்லை. சொந்த மகனைப் பற்றிச் சொன்னார்.

இங்கே கோச்சின் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மைதானக் கதவைத் தாண்டி உள்ளே போனால் அப்பா 'கோச்'. வெளியே வந்துவிட்டால் மறுபடி அப்பா. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு டாசன் வீட்டிலும் 'கோச்' என்று கூப்பிட ஆரம்பித்தான். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை ட்வைலா என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்:

"சாப்பாட்டு மேசையில 'கோச், அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க'ங்கறான் டாக்டர். இந்த மனுஷனும் தள்ளறார். 'நன்றி கோச்'ங்கறான். நான் ரொட்டியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்."

"அவர் ஏன் அப்படிச் சொன்னாராம்?"

"வேற எவன் பெத்த பிள்ளையா இருந்தாலும் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டிருப்பார். தன் பிள்ளையைக் காப்பாத்தறான்னு ஊரு சொல்லிடுமேன்னு பயந்துட்டார். ஊருக்கு நியாயமா இருக்கப் போய் வீட்டுல அநியாயம் பண்ணிட்டார்." மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்த வருஷம் அவன் காலேஜுக்குப் போயிடுவான். கோச்னே கூப்பிட்டுக்கிட்டுப் போயிட்டான்னா, அப்புறம் எப்ப டாக்டர் மாறுவான்?" என்றாள். அன்று காலை வந்த முதல் நோயாளியிடம், இன்னும் அரைமணி வெளியில் இருங்கள் என்று நானே போய்ச் சொன்னேன்.

அதன்பிறகு ஆட்டங்கள் ஜெயித்தோம். எத்தனை என்று அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்பதே சந்தேகம். ஊர் கொண்டாடியது, இரண்டு கட்சியும் வெற்றியைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டன. வீட்டில் உப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது.

நவம்பரில், ஒரு சனிக்கிழமை மதியம், டன்லாப் அணியோடு நாக்-அவுட் ஆட்டம். தோற்றால் அத்தோடு வீடு, டாசனுக்குப் பள்ளிக்கூட ஆட்டமே முடிந்தது. ட்வைலாவும் நானும் வழக்கம்போல் டன்லாப் கூட்டத்தின் நடுவில். வடக்கிலிருந்து குளிர்காற்று முகத்தில் அறைந்தது. கடைசி முறை பந்து நம் கைக்கு வந்தபோது கோட்டுக்கு நாலடி தூரம். கோட்டைத் தாண்டினால் வெற்றி. கர்ட் ஓரத்தில் நின்று கையசைத்தார்: ஓடுகிறவனிடம் கொடு. டாசன் எதிரே நின்றவர்களை ஒரு கணம் பார்த்தான். கவசத்தை ரெண்டு தட்டுத் தட்டினான்.

ட்வைலா என் கையைப் பிடித்தாள். நகம் இறங்கியது.

கோட்டுக்கு அப்பால், மூலைக்கு ஓடிய நம் பையனுக்கு எறிந்தான். நல்ல எறிதான். டன்லாப் பையன் ஒருவன் எங்கிருந்தோ வந்து எம்பி, விரல் நுனியால் தட்டிவிட்டான். பந்து புல்லில் உருண்டது. எங்களைச் சுற்றி டன்லாப் கூட்டம் எழுந்து குதித்தது. பக்கத்துப் பெண் ட்வைலாவைக் கட்டிக்கொண்டு, "ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்!" என்று அழுதாள். ட்வைலாவும் அவளைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

பிறகு வாகன நிறுத்தத்தில், அவளுடைய பிக்அப் வண்டியில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் வானொலியைப் போட்டாள்.

"அந்த மனுஷன் இன்னிக்கு என்ன சொல்லப் போறாரோ" என்றாள். "மறுபடியும் 'நான் சொன்னது அது இல்லை'ன்னு சொன்னார்னா, என் வீட்டுல ஒரு கோச்சும் ஒரு ஆட்டக்காரனும்தான் மிஞ்சுவாங்க. அவர் வேலை போனா போகுது டாக்டர். ஊரை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்."

வெர்னின் குரல் வந்தது. "கோச், அந்தக் கடைசிப் பந்து. எல்லாரும் கேக்கறாங்க. அது யாரோட முடிவு?"

ட்வைலா வானொலியின் ஒலியைக் கூட்டினாள்.

"என்னோடது" என்றார் கர்ட்.

"இல்லை, பையன் கவசத்தைத் தட்டினதை நாங்க எல்லாரும் பார்த்தோமே கோச்?"

"தட்டச் சொன்னதே நான்தான்."

"நீங்க ஓடச் சொல்லிக் கை காட்டினீங்களே?"

"வெர்ன், நீ டிராக்டர் உதிரி பாகம் விக்கறவன். என் கை என்ன சொல்லுதுன்னு உனக்கு என்னய்யா தெரியும்? பையன் நான் சொன்னதைத்தான் செஞ்சான். நான் தப்பாச் சொன்னேன். இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?"

பச்சைப் பொய். மைதானத்தில் இருந்த ஒவ்வொரு ஆளுக்கும் அது பொய் என்று தெரியும். உடை மாற்றும் அறைக்குள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவனுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். ட்வைலா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்து, "அப்பாடா" என்பதுபோல ஒரு மூச்சு விட்டாள். அவள் தோள் இரண்டும் இறங்கியதை அந்தப் பருவத்தில் முதல்முறையாகப் பார்த்தேன்.

இந்த வருஷம் க்வார்ட்டர்பேக் வேறு வீட்டுப் பிள்ளை. கர்ட் கோச்சாகத்தான் இருக்கிறார், தோற்ற மறுநாள் பலகையும் தவறாமல் வருகிறது. டாசன் வெளியூரில் படிக்கிறான். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நாங்கள் அந்த வண்டியில் காத்திருந்தோம்.

வெகு நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். டாசன் தலை ஈரமாக இருந்தது. தோளில் பை. கர்ட் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். சரளைக் கற்கள் மேல் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள். பையன் கையை நீட்டி வளைத்து எதையோ காட்டினான், அவர் தலையை ஆட்டி மறுத்தார், அவன் மறுபடி காட்டினான். வண்டிக்குள் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெர்ன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "போன் லைன் திறந்தாச்சு நேயர்களே! நீங்களே சொல்லுங்க, இந்த வருஷம் நம்மை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது கோச்சா, க்வார்ட்டர்பேக்கா?"

ட்வைலா வானொலியை அணைத்தாள். தன் பக்கத்துக் கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கினாள். காற்றோடு கலந்து டாசனின் குரல் வந்தது.

"...இல்லப்பா, அவன் நின்ன இடத்தைப் பார்த்தீங்களா? நீங்க சொன்னபடி ஓடியிருந்தாலும் அவன் பிடிச்சிருப்பான்ப்பா..."

"நடக்காதுடா. அவன் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தான்."

"அப்பா, நான் அவன் எதிர்ல நின்னேன், நீங்க நாப்பது அடி தள்ளி நின்னீங்க..."

உள்ளே பாய்ந்த குளிரில் எனக்குப் பல் கிட்டியது. ட்வைலா அவர்கள் பக்கம் திரும்பாமல், நேரே பார்த்தபடி, கண்ணாடியை அடி வரைக்கும் இறக்கினாள்.