நோட்டில் போட ஒரு பெயர்

ரூபாய் நோட்டில் யார் படம் வரலாம் என்று மத்திய வங்கி பரிந்துரைக்கும், மத்திய அரசு முடிவு செய்யும்; சட்டம் அவ்வளவுதான். அது தெரிந்தும், நெய்வேலியில் எங்கள் குடியிருப்பு வாசலில் பலாச்சுளை விற்கும் காடாம்புலியூர் அம்மாளுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். கையெல்லாம் எண்ணெய் என்பதால் அவர் நோட்டைத் தொடமாட்டார். நாமே டப்பாவில் போட வேண்டும்.

“நோட்டுல பொம்பள படம் போடச் சொல்லி எழுதுங்க சார்.”

“எந்த ராணியை?”

“ராணி எதுக்குங்க? மொதல் சுரங்கத்துக்கு மண்ணு சொமந்த எங்கம்மா அஞ்சலையப் போடச் சொல்லுங்க.”

“சரித்திரத்தில் இடம் பெற்றவராக இருக்கணும்மா.”

“அம்மாம் பெரிய பள்ளம் கெடக்குதே, அது பத்தாதா?”

எழுதினேன்.

அடுத்த பலா சீசனில்தான் பதில் வந்தது: ‘திருமதி அஞ்சலை அவர்களின் படத்தை வெளியிடும் உத்தேசம் தற்போது இல்லை.’

“திருமதின்னா போட்டிருக்காங்க? இன்னொரு தடவ படிங்க சார்.”

மறுப்புக் கடிதத்துக்கு அப்படிச் சிரித்தவரை என் ஆபீஸ் சர்வீஸில் பார்த்ததில்லை. மறுபடி படித்தேன். அன்று ஆடி முதல் தேதி, அம்மன் மாதம்.