மிசுக் அக்கா கத்தாத மதியம்

"நெருப்பு பெரிசா, மணி பெரிசா? நீயே சொல்லும்மா."

பள்ளி நிர்வாக அலுவலர் பியோ என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, என் பக்கத்தில் நின்ற மிசுக் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். கேள்வி அவருக்குத்தான். நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அப்போது நான் பள்ளி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதாமல் பெட்ரோல் பங்க், பார்சல் கிடங்கு, ரொட்டிக் கடை என்று மாறிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் உட்கார என்னால் முடியாது. பூசான் நகரத்தில் அரசுப் பள்ளிகளின் தீ எச்சரிக்கை மணிகளையும் திருட்டு எச்சரிக்கை மணிகளையும் பராமரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் ஆள் தேவை என்றார்கள். நாள் முழுக்க மாடி ஏறி இறங்கும் வேலை என்றதும் சேர்ந்துவிட்டேன். எனக்கு ஜோடியாகக் கிடைத்தவர்தான் தக் மிசுக். ஐம்பது தாண்டியவர். "சித்தின்னு கூப்பிட்டே, ஏணியோட சாச்சிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் அக்கா.

எங்கள் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நீளக் கம்பின் நுனியில் புகைக் குப்பியை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போய், கூரையில் இருக்கும் சென்சாருக்குப் புகை காட்ட வேண்டும். இன்னொருவர் தரைத்தளத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, எந்த விளக்கு எரிகிறது என்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும்.

"மூணாவது மாடி, பாட்டு கிளாஸ். வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"அடுத்து மேக்கால கழிப்பறை. வந்துச்சா?"

"வந்துச்சு. அக்கா, வாக்கி டாக்கியை அணைச்சிட்டே பேசுங்க. இங்க நேராவே கேக்குது."

பொய் இல்லை. இருபது வருடம் மணிகளுக்கு நடுவே நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் உலகத்தில் எல்லோருக்கும் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு பேசுவார். ரகசியம் சொல்லவே வராது. சாப்பாட்டுக் கடையில் அவர் பன்றிக்கறி சூப்பும் சோறும் கேட்டால், எதிர்க்கடைக்காரரும் அடுப்பைப் பற்றவைப்பார். பஸ் ஓட்டும் அவர் கணவர், "என் பஸ்ஸுக்கு ஹாரனே வேணாம், இவளை முன்னாடி உக்கார வெச்சாப் போதும்" என்பார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு இன்னும் சத்தமாக இருக்கும்.

எங்கே நுழைந்தாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். மணப்பெண் நடந்து வருகிறாள், எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், அக்கா மட்டும் அண்ணாந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"நாரே, அந்த மூலையில ஒண்ணு செத்துப்போச்சு."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. மாப்பிள்ளையின் தாத்தாவைத் தேடி இரண்டு பேர் ஓடினார்கள். அக்கா சொன்னது சென்சாரை.

இனி பியோ சாருக்கு வருகிறேன். அவர் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியை அந்த வருடம் நுழைவுத் தேர்வு மையமாக அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்தைய கோடையில் மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சென்சாருக்குள் சிலந்தி குடும்பம் நடத்தி, மணி அடித்து, பிள்ளைகள் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். அந்த மணிச் சத்தம் பியோ சாரின் காதிலிருந்து இறங்கவே இல்லை. நிஜத் தேர்வில், அதுவும் மதியம் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதியில் மணி அடித்தால் என்ன ஆகும்? ஒலிபெருக்கி ஒரு தடவை சொல்வதை மறுபடி சொல்லாது. அந்தப் பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு, சிலருக்கு மூன்று வருட உழைப்பு, ஒரு சிலந்தியால் போய்விடும்.

"பெட்டியையே அணைச்சிடுங்க மேடம்" என்றார் அவர். "அந்தக் கொஞ்ச நேரந்தானே?"

"அணைக்க மாட்டேன் சார். உள்ள அஞ்சு மாடிப் புள்ளைங்க இருக்காங்க. மணியை மட்டும் ஊமையாக்கறேன். விளக்கு எரியட்டும். பெட்டி முன்னாடி நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம்."

"நீங்களா?" பியோ சார் ஒரு அடி பின்வாங்கினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. மணி தேவலாம்."

"வாயைத் தெறக்க மாட்டேன்."

"முடியுமா?"

"அக்கா தூங்கும்போது சும்மாத்தான் இருப்பாங்க" என்றேன் நான்.

"அதுவும் இல்ல, குறட்டை" என்றார் அக்கா.

பியோ சார் தலையைப் பிடித்துக்கொண்டார். "சரி, நிஜமாவே நெருப்பு வந்துச்சுன்னா? மணி ஊமையாச்சே?"

"நான் கத்துவேன்."

அவர் அக்காவின் தொண்டையைப் பார்த்தார். "அது கேக்கும்" என்று ஒப்புக்கொண்டார்.

இப்படித்தான் அந்தத் தேர்வு நாளில் அக்காவின் தொண்டையே பள்ளியின் மணியானது. நெருப்பு என்றால் கத்த வேண்டும். இல்லையென்றால் மூச்சுக்கூடக் கேட்கக் கூடாது. எது எது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியதும் அவர்தான்.

தேர்வு நாள் காலை நாங்கள் போனபோது பள்ளி கேட்டில் அம்மாக்கள் ஜவ்வு மிட்டாய் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசிப் பாகில் செய்யும் கட்டி மிட்டாய் அது. கேட்டில் ஒட்டினால் பிள்ளையும் கல்லூரியில் ஒட்டிக்கொள்வான். ஒட்டாமல் விழுந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த வரிசையில் பியோ சாரும் நின்றார். அவர் மகன் இரண்டாவது தடவையாக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளியில் எழுதுகிறான். வேலையை விட்டு அங்கே போக முடியாது. எந்தக் கேட்டாக இருந்தால் என்ன என்று இங்கேயே ஒட்ட வந்துவிட்டார்.

காற்றில் நல்ல குளிர். அவருடைய மிட்டாய் கல்லாக இறுகியிருந்தது. அழுத்தினார், எச்சில் தொட்டு அழுத்தினார், முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"சார், உங்களோடது விழுந்துடுச்சு" என்றார் அக்கா.

அவர் மெதுவாகச் சொன்னதாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டில் நின்ற அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா "ஐயோ பாவம்" என்று வேறு சொல்லிவிட்டார். பியோ சார் முகம் வெளுத்து, மிட்டாயைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் அதை அதோடு மறந்துவிட்டோம்.

காலைப் பாடங்கள் முடிந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நாங்கள் பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். ஆங்கிலம் தொடங்கியது. மாடிகளிலிருந்து ஒரு பெண்ணின் பதிவுக் குரல் தெளிவாகக் கேட்டது. எனக்குப் புரிந்தவரை யாரோ நூலகத்துக்கு வழி கேட்டார்கள். அக்கா உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, உப்பிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

அப்போது பெட்டியில் விளக்கு எரிந்தது. தரைத்தளம், மேற்கு.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிலந்தி என்று விரல்களால் நடந்து காட்டினேன். அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். ஆமாம், வாசனை. ஏதோ தீய்ந்த வாசனை.

ஓடினோம். காலுறை வழுக்கி நான் சுவரில் மோதினேன், சத்தம் வரவில்லை. மேற்கு மூலையில் இரவுக் காவலர் தங்கும் அறை. கதவுக்கடியில் புகை கசிந்தது. அதற்கு நேர் மேலே தேர்வு அறைகள்.

அக்காவின் நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்தேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தினால் ஐந்து மாடியும் இறங்கும், யாரும் சாக மாட்டார்கள், தேர்வு போகும். கத்தாமல் உள்ளே நெருப்பு பெரிதாக இருந்துவிட்டால் அதற்கு அப்புறம் மன்னிப்பே கிடையாது. அவர் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கதவு சூடாக இல்லை. எண் பூட்டைக் காட்டினார்.

அந்தப் பூட்டு பாடும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கீச், திறந்ததும் ஒரு முழுப் பாட்டு. நாங்கள் மாட்டிய பூட்டுதான், பாட்டும் அக்கா தேர்ந்தெடுத்ததுதான். அவர் என் பஞ்சுக் கோட்டை உருவிப் பூட்டின் மேல் சுற்றினார். நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க, அவர் உள்ளே கைவிட்டுத் தடவி எண்களை அழுத்தினார். பூட்டு கோட்டுக்குள்ளேயே பாடி முடித்தது.

அறைக்குள் மின்சார ஹீட்டர் மேல் ஒரு நூடுல்ஸ் சட்டி. அதில் ஏதோ கறுப்பாகக் கொதித்துப் புகைந்தது. பக்கத்தில் கிடந்த மெத்தையின் ஓரம் பழுப்பாகிவிட்டது, நூல் நூலாகச் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் மெத்தையை இழுத்துப் போட்டு, அங்கிருந்த தேநீர்க் கெட்டிலைக் கவிழ்த்தேன். அக்கா ஒயரைப் பிடுங்கினார். சட்டியைத் தூக்கி எறிந்தால் சத்தம் வரும். என் கோட்டின் கையால் பிடித்துக்கொண்டு, பின்கதவு வழியாகக் கொல்லைக்கு நடந்தார். ஒரே ஒரு படி. அந்தப் படியில் சட்டி சாய்ந்தது. கொதிக்கும் பாகு அவர் மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

அக்காவின் வாய் திறந்தது.

பல மாதமாக அந்த வாயை எனக்குத் தெரியும். கால் விரலில் ஸ்க்ரூ விழுந்தாலே தெரு கூடும். எங்கள் தலைக்கு மேல் ஜன்னலில் அந்தப் பதிவுக் குரல் இரண்டாவது ஆளை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா வாயை மூடினார். சட்டியைச் செடிப் பாத்தியில் பூப்போல இறக்கி வைத்தார். பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் என் மப்ளரை நீட்டினேன், கடித்துக்கொண்டார். வெளிக்குழாய்க்கு இழுத்துப்போய்க் கையை நீட்டச் சொன்னேன். குழாயை முழுதாகத் திறந்தால் சத்தம் வரும், நூல்போலத்தான் விட்டேன். பாவம், அது எந்த மூலைக்குப் போதும்? அக்காவிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

அந்தப் பள்ளி விமான நிலையத்துக்குப் பக்கம். மற்ற நாட்களில் விமானம் போகும்போது ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் கேட்கும் பகுதி நடக்கும் நேரத்தில் மட்டும் நாடு முழுக்க எந்த விமானமும் ஏறாது, இறங்காது. வானம் சுத்தமாக இருந்தது. நாங்கள் இருவரும் குழாயடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குரல் நின்றது. கேட்கும் பகுதி முடிந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் விமானம் தாழ்வாக, கூரையை உரசுவதுபோல வந்தது.

அக்கா மப்ளரைத் துப்பினார். கத்தினார்.

அம்மாவைக் கூப்பிட்டார், கடவுளைக் கூப்பிட்டார், சட்டியை வைத்தவனின் வம்சத்தை வரிசையாகக் கூப்பிட்டார். விமானம் தள்ளிப் போகப் போக அதற்கேற்பக் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில், "எவன்டா வெச்சது" என்பதை முணுமுணுத்தே முடித்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பியோ சார் காலுறையோடு ஓடிவந்து நின்றார். மகன் வேறு பள்ளியில் எழுதினாலும், தேர்வு எழுதும் பிள்ளை உள்ளவரை மாடிப்பக்கம் விடக் கூடாது என்பது விதி, அதனால் அலுவலகத்திலேயே இருந்தார். பாத்தியில் சட்டியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அது என்னோடது மேடம். கொஞ்சம் இளக்கி மறுபடி கேட்ல ஒட்டலாம்னு... போன் வந்துச்சு. போயிட்டேன்."

"யாரு போன்ல?" என்றேன்.

"மாமியார். ஒட்டிச்சான்னு கேட்டாங்க."

அக்கா மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். பாகு சட்டைக் கையோடு சேர்ந்து இறுகியிருந்தது. "ஒட்டியிருக்குன்னு சொல்லுங்க. டாக்டர் வந்தாத்தான் எடுக்க முடியும்."

பியோ சார் சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. தரையில் தலை படுகிற மாதிரிக் குனிந்தார். கருகிய மெத்தையைப் பார்த்தார். பெட்டியை அணைக்கச் சொன்ன பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, கையில் கட்டோடு அக்கா மணிகளைப் பழையபடி இணைத்து, எல்லா மாடியிலும் ஒரு தடவை அடிக்கவிட்டார். பியோ சார் காதைப் பொத்தவே இல்லை. அவர் மகனுக்கு இடமும் கிடைத்தது, முதலில் கேட்ட கல்லூரியில் இல்லை என்றாலும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சரியாகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிய சில பிள்ளைகள், விமானச் சத்தத்துக்குள் ஒரு பெண் அலறியதைக் கேட்டதாக இணையத்தில் எழுதினார்கள். அந்தப் பள்ளியின் கொல்லையில் பேய் இருக்கிறது என்று பேச்சாகிவிட்டது. இப்போது அந்த வழியாகப் போகிற சின்னப் பிள்ளைகள் ஓடிப்போகிறார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம். நடந்ததை நான் அங்கே எழுதியதற்கு, "பேய் சொல்லுது பாரு" என்று பதில் போட்டுச் சிரித்துவிட்டார்கள். நான் ஒருத்தி சொன்னால் போதாது. அன்று அங்கே தேர்வு எழுதிய யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களைத் தெரிந்த யாரையாவது தெரிந்திருந்தால்கூட, தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். அது பேய் இல்லை, அவர்கள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்த மிசுக் அக்கா.