நகராத மைனர்

சுல்தான்பேட்டையில் கைருன்னிசாவிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. போன தடவையைவிட இடுப்பு பெருத்திருந்தால் டேப்பைக் கையில் பிடித்தபடியே தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிடுவாள். கூட்டிச் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் டீயைக் கொடுத்துக்கொண்டே, "பொண்ணு நல்லா சமைக்கும். ஆனா தூங்குனா கொறட்டை பக்கத்து வூடு வரைக்கும் கேக்கும்" என்றவள். தங்கை அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளையின் அம்மாவோ சிரித்துவிட்டு, "எம் புள்ளையும் அப்டித்தான்" என்று கல்யாணத் தேதியைக் குறித்துக்கொண்டு போனாள்.

பக்ரீத்துக்கென்று அவள் ஒரு கிடா வளர்த்தாள். கறுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றிச் செயின் போட்டதுபோல மஞ்சள் பட்டை. வில்லியனூர் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் கணவர் அமீர் ஹம்சா அதற்கு மைனர் என்று பேர் வைத்தார். பேருக்கேற்ற பிடிவாதம். தானாக நினைத்தால்தான் எழும், தானாக நினைத்தால்தான் நடக்கும். இழுத்தால் நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொள்ளும். அதனால் அதைக் கட்டிப்போடுவதே இல்லை. கழுத்துக் கயிறு சும்மா தரையில் கிடக்க, வாசல் வேப்பமரத்தடியில் படுத்திருக்கும்.

மாசி மாதத்து மதியம் ஒன்றில், தெரு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம், ஒரு லோடு ஆட்டோ வந்து மரத்தடியில் நின்றது. கைருன்னிசா ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து நைட்டிக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவன் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தான். ஒரு கட்டு அகத்திக்கீரையை மைனர் முன்னால் நீட்டினான். மைனர் படுத்தபடியே தின்றது. கீரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான். மைனர் எழுந்து நின்று, கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது. அவன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பின்னால் போய்த் தள்ளினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அவளுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னா தம்பி, நானும் ஒரு கை புடிக்கவா?"

அவன் திடுக்கிட்டுக் கயிற்றை விட்டான். ஆட்டோவுக்கு ஓடினான். ஆனால் எதிர்வீட்டு வள்ளியம்மாள் அதற்குள் வந்து சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். பாகூர் பக்கத்து ஆள், பேர் புகழ்வேந்தன் என்பதெல்லாம் போலீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஸ்டேஷனில் ஏட்டு சுப்புராயன் பேனாவைத் திறந்தார்.

"இன்னாம்மா நடந்துச்சு?"

"மைனர இழுத்துகினு போவப் பாத்தான் சார்."

சுப்புராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மைனரா? பையனா, பொண்ணா? வயசு இன்னா?"

"கெடா சார். ஒன்ற வயசு."

அடித்து எழுதினார். பிறகு வழக்குக்குரிய சொத்து என்று மைனரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேன் வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்தார்கள், ஒருவர் தள்ளினார். தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் சுப்புராயன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "இங்கயே இருக்கட்டும்மா. ஆனா கேஸ் முடியிற வரைக்கும் விக்கக் கூடாது, அறுக்கக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். அந்த பக்ரீத்துக்கு அமீர் ஹம்சா வேறு கிடா வாங்கினார். மைனர் வேப்பமரத்தடியில் அசைபோட்டபடி பெருநாளைக் கழித்தது.

சாட்சி சொல்வதற்குச் சம்மன் வந்ததும், கைருன்னிசா கணவரோடும் வள்ளியம்மாளோடும் புதுச்சேரி கோர்ட்டுக்குப் போனாள். அரசு வக்கீல் ஜெயசுதா வராண்டாவில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"திருட்டுன்னா மூணு வருஷம் வரைக்கும் தண்டனை குடுக்கலாம்க்கா. திருட்டு முயற்சின்னா அதுல பாதிதான். பொருள் எடத்தவிட்டு அசைஞ்சாத்தான் திருட்டு. ஆடு கீரைக்குப் பின்னால நடக்க ஆரம்பிச்சிருந்தாலே போதும், திருட்டு முடிஞ்சுபோச்சு. நடக்கலன்னா வெறும் முயற்சி. போலீஸ் ரெண்டையும் எழுதியிருக்காங்க. எது நிக்கும்ங்கறது உங்க வாய்லதான் இருக்கு. பாத்தத சொல்லுங்க."

ஜெயசுதா உள்ளே போனதும் வள்ளியம்மாள் கிசுகிசுத்தாள். "கைரு, ஒரே ஒரு அடி வெச்சுதுன்னு சொல்லிடு. யாரு அளந்து பாத்தா? இல்லன்னா பாதி தண்டனையோட போயிடுவான்."

"ஆமா, ஒரு அடிதான" என்றார் அமீர் ஹம்சாவும்.

கைருன்னிசாவுக்கும் ஆசைதான். குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்த உயிரைப் பட்டப்பகலில் ஏற்றிக்கொண்டு போகப் பார்த்தவனுக்கு எதற்குப் பாதி? ஒரு அடி என்று நாக்கைப் புரட்டினால் தீர்ந்தது. அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அடுத்தவர் துணியைப் போட்டுக்கொண்டதுபோல எங்கேயோ பிடித்தது.

கூண்டில் புகழ்வேந்தன் நின்றான். ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவன், இளைத்திருந்தான். அவனுடைய வக்கீல் எழுந்தார்.

"என் கட்சிக்காரர் ஆட்டுக்குக் கீரை குடுத்தார். கீரை குடுக்கறது குத்தமா?"

"கீரை குடுக்கறது குத்தமில்லைங்க" என்றாள் கைருன்னிசா. "கயித்தப் புடிச்சு இழுத்தாரு. பலக போட்டிருந்தாரு. பின்னால போயி தோள குடுத்துத் தள்ளுனாரு. பாவம், நல்லாத்தான் தள்ளுனாரு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அவர் நேராகவே கேட்டார்.

"இழுக்கும்போது ஆடு நகர்ந்துச்சாம்மா? ஒரு அடியாவது?"

வள்ளியம்மாள் வாசல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அமீர் ஹம்சா தரையைப் பார்த்தார்.

"எழுந்து நின்னுச்சு, கழுத்த நீட்டுச்சு. அதெல்லாம் கீரைக்காக. கால் எடுத்து வெக்கலைங்கய்யா. யார் இழுத்தாலும் வெக்காது. மூணு போலீஸ் இழுத்தே வெக்கல, இவர் ஒரு ஆளு."

ஓரத்தில் நின்ற சுப்புராயன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை நீதிபதியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. கீரை வாங்கியதும் ஆட்டோ கொண்டுவந்ததும் ஏற்பாடு. அதோடு திரும்பிப் போயிருந்தால் இந்தக் குற்றம் ஆகியிருக்காது. கயிற்றைப் பிடித்து இழுத்ததும் முயற்சி தொடங்கிவிட்டது. ஆடு அசையாதது குற்றம் சாட்டப்பட்டவனின் நல்லெண்ணத்தால் அல்ல. ஆனாலும் அசையாததால் திருட்டு முழுமை பெறவில்லை. ஆகவே முயற்சிக்கு மட்டும் தண்டனை என்று நீதிபதி வாசித்தார். முதல் குற்றம் என்பதால் அந்தப் பாதியிலும் குறைத்து, ரிமாண்டில் இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து, அபராதம் விதித்தார்.

வெளியே வந்தபோது ஒரு அம்மாள் கைருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். புகழ்வேந்தனின் தாய், ஆதிலட்சுமி.

"நீ நெனச்சிருந்தா எம் புள்ளைய மூணு வருஷம் உள்ள தள்ளியிருக்கலாம் தாயி. காப்பாத்திட்ட."

"நான் காப்பாத்தலம்மா. நகந்திருந்தா நகந்துச்சுன்னுதான் சொல்லியிருப்பேன். அப்ப வந்து என்னத் திட்டியிருப்பீங்க."

"திட்டித்தான் இருப்பேன்" என்று ஆதிலட்சுமி ஒப்புக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னால் புகழ்வேந்தன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

"இந்தாப்பா, ஆட்டோ ஓட்டத் தெரியுதுல்ல? அத ஒழுங்கா ஓட்டு" என்றாள் கைருன்னிசா அவனிடம். "ஆடு புடிக்கறது ஒனக்கு வராது. நான் பாத்துகினுதான இருந்தேன்."

வில்லியனூர் பஸ்ஸில் வள்ளியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு அடி, வெறும் ஒரு அடி என்று முணுமுணுத்தாள். கைருன்னிசா அதைக் காதில் வாங்கவில்லை. கோர்ட்டில் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அரும்பார்த்தபுரம் தாண்டும்போது பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். இன்னா ஆச்சு என்று கேட்ட வள்ளியம்மாளுக்கும் அது தொற்றிக்கொள்ள, அமீர் ஹம்சா தனக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவருடைய தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.