ஜோடி சேராத மஞ்சள் கண்ணாடி

வெள்ளிமலை பேருந்து நிறுத்தத்தில் பலாச்சுளை விற்கிறேன். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவருக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. அவர் கேமராவுக்கோ இரண்டு கண்கள்; ஒரே காட்சியை இரண்டு படமாய் எடுக்கும். கருப்பு வெள்ளைப் படத்தில் மேகம் எடுப்பாய்த் தெரிய இரண்டின் மேலும் சின்ன மஞ்சள் கண்ணாடி மாட்டுவாராம். ஒன்று உடைந்துபோக, அதே மஞ்சளுக்கு ஊர் ஊராக அலைந்து, தியாகதுருகத்தில் ஒரு பழைய ஸ்டுடியோவில் வாங்கினாராம். மாட்டுவதற்கு முன் இரண்டையும் என் வெள்ளைச் சேலையின் மேல் பிடித்து நிறம் பார்த்தார்.

“நான் இன்னா கொடியில காயற துணியா?” என்றேன்.

“கோச்சிக்காதீங்கம்மா” என்று கும்பிட்டார்.

மறுமாதம் படத்தோடு வந்து, கண்ணில் வைத்துப் பார்க்கும் பெட்டியை நீட்டினார். “கண்ணுக்கு ஒண்ணா ரெண்டு படம் உள்ள இருக்குது. ரெண்டு கண்ணும் தெரியறவங்கதான் இத பாக்க முடியும். என் வூட்டுக்காரி பாத்துச் சொல்லுவா. தையில போய்ச் சேந்துட்டா. நீங்க சொல்லுங்கம்மா.”

முகத்துக்காகப் பேசுகிறவள் இல்லை நான். “மலை கைக்கெட்டற மாதிரி முன்னால நிக்குது. வானம்தான் கூசுது. ஒரு கண்ணுக்கு வெளுப்பு, ஒரு கண்ணுக்கு கருப்பு.”

“அப்ப கண்ணாடி ஜோடி சேரல. அவளும் இப்படித்தாங்க, மறைக்காம சொல்லுவா.” சிரித்தார். பார்வையில்லாத கண்ணிலும் நீர் வந்தது.

“பாக்கறவங்களே போயிட்டாங்க, இன்னும் எதுக்குய்யா தேடிக்கினு?”

வேறு கண்ணாடி தேட பஸ் ஏறினார். தேட வேண்டியிருப்பது அவருக்கு வருத்தமா, ஆறுதலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.